பரிந்துரைப் பரிசு: சொத்து முகவர்கள் சறுக்கும் இடங்கள்

“வீடு வாங்க, விற்க நினைக்கும் நண்பரின் பெயரையும் எண்ணையும் அனுப்புங்கள். விற்பனை முடிந்தால் உங்களுக்கு 500 வெள்ளி.” தீபாவளி நெருங்கும்போது வாட்ஸ்அப் குழுக்களில் இப்படிப்பட்ட படங்கள் வலம் வரும். பார்க்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருக்கு, எதற்காக, எப்போது பணம் என்ற மூன்று கேள்விக்கும் இதில் தவறான பதிலே இருக்கிறது.

சிங்கப்பூரில் பதிவுபெற்ற சொத்து முகவர்கள் 35,000 பேரைத் தாண்டுவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் பெயர் காதில் விழ, முன்பு சேவை பெற்றவர் வாய்வழியாகச் சொல்வதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. அதற்கு நன்றியாக ஒரு பரிசு கொடுப்பதில் தவறில்லை. அந்த நன்றி எந்த இடத்தில் தரகாக மாறுகிறது என்பதைக் கவனிக்காமல் விடுவதில்தான் சிக்கல்.

பெயரைச் சொல்வது வேறு, ஆளைப் பிடித்துத் தருவது வேறு

2010ஆம் ஆண்டின் சொத்து முகவர்கள் சட்டம் ‘சொத்து முகவர் பணி’ என்பதற்குத் தரும் விளக்கம் அகலமானது. சொத்தை வாங்கவோ விற்கவோ விரும்பும் மூன்றாம் நபரை வாடிக்கையாளருக்கு அறிமுகம் செய்வதே, கட்டணத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டால், அதில் அடங்கிவிடும். பேரம் பேசினால்தான் முகவர் வேலை என்று நினைப்பவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். பதிவு இல்லாமல் முகவராகச் செயல்படுபவருக்கு 25,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

ஈசூனில் இருக்கும் ஓர் அக்கா, வீட்டை விற்க நினைக்கும் அடுத்த வீட்டுக்காரரிடம், “எங்கள் வீட்டை இவர்தான் விற்றுக் கொடுத்தார், பேசிப் பாருங்கள்” என்று உங்கள் அட்டையைக் கொடுக்கிறார். அவர் செய்தது உங்களுக்கு விளம்பரம். தேக்கா பக்கம் கடை வைத்திருப்பவர் ஒருவர் நீங்கள் விற்கும் வீட்டுக்கு மாதாமாதம் வாங்குபவர்களைத் திரட்டி அனுப்பி, முடிந்த ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் பங்கு வாங்குகிறார் என்றால் அவர் செய்வது விளம்பரம் அல்ல. அலுவலகத்தில் புதிதாக வந்து சேருபவர்களுக்கெல்லாம் வாடகை வீடு காட்டி, தலைக்கு 200 வெள்ளி வாங்கிக்கொள்ளும் சக ஊழியரும் அதே கணக்கில்தான் வருவார். “நண்பர்தானே, உதவிதானே” என்ற சமாதானம் விசாரணையில் நிற்காது. உங்கள் பதிவுக்கும் ஆபத்து.

ஆகவே பரிசுத் திட்டத்தில் முதல் வரியே இப்படி இருக்கட்டும்: “என் பெயரை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.” ‘வாங்குபவரைக் கொண்டுவாருங்கள்’ என்ற பொருள் வரும் எந்தச் சொல்லும் வேண்டாம். வீட்டைச் சுற்றிக் காட்டுவது, விலை சொல்வது, ஆவணம் வாங்கிவருவது எல்லாம் பரிந்துரைப்பவரின் வேலை அல்ல என்பதையும் எழுதிவிடுங்கள். படத்தை வெளியிடும் முன் உங்கள் நிறுவனத்தின் முதன்மை நிர்வாக அதிகாரியிடம் எழுத்துபூர்வமாக ஒப்புதல் வாங்குங்கள். முகவர்களை மேற்பார்வை செய்யும் பொறுப்பு அவருடையது. பல நிறுவனங்களுக்குப் பரிந்துரைப் பரிசு பற்றிச் சொந்த விதிகள் உண்டு, சில நிறுவனங்கள் அனுமதிப்பதே இல்லை.

தரகில் பங்கு என்று பேசுவது

‘என் தரகில் 10 விழுக்காடு’ என்பது கேட்க நியாயமாக இருக்கும். கணக்குப் போட்டால்தான் வில்லங்கம் தெரியும். 600,000 வெள்ளிக்கு விற்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு 2 விழுக்காடு தரகு பேசியிருந்தால் 12,000 வெள்ளி. (தரகுக்கு அரசு விகிதம் எதுவும் இல்லை, பேசி முடிப்பதுதான்.) பரிந்துரைத்தவர் மனத்தில் உடனே 1,200 வெள்ளி பதிந்துவிடும். ஆனால் வாடிக்கையாளர் அந்தத் தொகையை நிறுவனத்துக்குத்தான் கட்டுகிறார், உங்களுக்கு அல்ல. நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு, இணைமுகவர் இருந்தால் அவருக்கும் கொடுத்து, மிச்சம்தான் உங்கள் கைக்கு வரும். அந்த மிச்சத்தில் 10 விழுக்காடு கொடுத்தால், “என்னை ஏமாற்றிவிட்டார்” என்று குழுவில் எழுதுவார். விளம்பரத்துக்குச் செலவழித்த பணம் அவப்பெயராகத் திரும்பி வரும்.

விற்பனை முடிந்தால்தான் பரிசு என்பதிலும் இதே வினை. வீவக மறுவிற்பனையில் வாங்கும் உரிமைப் பத்திரத்துக்கு 21 நாள் அவகாசம். அதற்குள் வாங்குபவர் பின்வாங்கலாம். விண்ணப்பத்தை வீவக ஏற்றுக்கொண்ட பிறகும் நிறைவுக்கு ஏறத்தாழ 8 வாரம். ஆள் தேடும் காலத்தையும் சேர்த்தால் பல மாதங்கள் ஓடிவிடும். அதுவரை பரிந்துரைத்தவர், “என்ன ஆச்சு, என்ன விலைக்குப் போச்சு?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பதில் சொன்னால் வாடிக்கையாளரின் விவரத்தை வெளியிடுகிறீர்கள், சொல்லாவிட்டால் மனக்கசப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, விற்பனையோடு கட்டப்பட்ட பணம் தரகு போலவே தோற்றம் தரும்.

எங்கள் கருத்து: தொகை சிறியதாக, நிலையானதாக இருக்கட்டும். 30 அல்லது 50 வெள்ளிக்குப் பொருள் வாங்கிக்கொள்ள ஃபேர்பிரைஸ் பேரங்காடிப் பற்றுச்சீட்டோ, பண்டிகைக் காலத்தில் ஒரு பலகாரப் பெட்டியோ போதும். நண்பர் உங்களை ஒருமுறை நேரில் சந்தித்தாலே அதைக் கொடுத்துவிடுங்கள். அவர் விற்கிறாரா, வேறு முகவரிடம் போகிறாரா என்பதோடு பரிசை முடிச்சுப் போடாதீர்கள். 500 வெள்ளி கொடுத்தால்தான் பரிந்துரை வரும் என்றால், குறை பரிசில் இல்லை, சேவையில் இருக்கிறது.

நண்பரின் எண்ணைக் கேட்டு வாங்குவது

“நண்பரின் பெயர், கைத்தொலைபேசி எண், புளோக் எண்” என்று படிவம் போடும் பழக்கம் அதிகம். அந்த நண்பர் உங்களுக்கு எந்தச் சம்மதமும் கொடுக்கவில்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முகவர்களையும் கட்டுப்படுத்தும். நிறுவனத்தின் பொறுப்பு என்று நீங்கள் ஒதுங்க முடியாது. விளம்பர அழைப்பு வேண்டாம் என்பவர்கள் எண்ணைப் பதிந்துவைக்கும் ‘அழைக்க வேண்டாம்’ பதிவகத்தில் அந்த எண் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு. தொலைபேசி எண்ணுக்குப் போகும் வாட்ஸ்அப் விளம்பரமும் குறுஞ்செய்திக் கணக்கில்தான் சேரும். ஒருமுறை சரிபார்த்த முடிவு 21 நாளுக்குத்தான் செல்லும். மீறும் தனிநபருக்கு 200,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம்.

தீர்வு எளிது: திசையை மாற்றுங்கள். எண் உங்களிடம் வரக்கூடாது, உங்கள் எண் அவர்களிடம் போகவேண்டும். அப்படியே அனுப்பத்தக்க நான்கு வரிச் செய்தி ஒன்றைத் தயார் செய்து பழைய வாடிக்கையாளரிடம் கொடுங்கள். விருப்பம் இருந்தால் நண்பரே அழைப்பார். “யார் சொல்லி வந்தீர்கள்?” என்று முதல் பேச்சிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பரிந்துரைத்தவருக்குப் பரிசு உண்டு என்பதையும் அதே பேச்சில் நண்பரிடம் சொல்லிவிடுங்கள். பின்னால் வேறு யார் வழியாகவோ தெரியவந்தால், அவர் சொன்ன நல்ல வார்த்தையெல்லாம் விலைக்கு வாங்கியதாகிவிடும்.

படத்தில் விடுபடும் எண்கள்

பரிசு விளம்பரமும் விளம்பரம்தான். உங்கள் பெயர், சொத்து முகவர் மன்றப் பதிவு எண், பதிவேட்டில் உள்ள அதே தொலைபேசி எண், நிறுவனத்தின் பெயர், அதன் உரிம எண் ஆகியவை இருக்கவேண்டும். பலர் இவற்றைப் படத்துக்குக் கீழே உள்ள வாசகத்தில் போடுகிறார்கள். படத்தை மட்டும் யாராவது முன்னனுப்பினால் வாசகம் அங்கேயே நின்றுவிடும். எண்களைப் படத்துக்குள்ளேயே, கைபேசித் திரையில் படிக்கும் அளவுக்குப் பொறியுங்கள். கடைசித் தேதியையும் போடுங்கள். தேதி இல்லாத சலுகைப் படம் மூன்று ஆண்டு கழித்தும் யாரோ ஒருவர் கைபேசியில் எழுந்து வரும்.

கொடுக்கவே கூடாத கைகள்

கொண்டோமினியப் பாதுகாவலர், நிர்வாக அலுவலக ஊழியர், வங்கியின் வீட்டுக்கடன் அதிகாரி, வெளிநாட்டு ஊழியர்களை வரவழைக்கும் நிறுவனத்தின் மனிதவள அதிகாரி: இவர்கள் எல்லோரும் வேறொரு முதலாளிக்குக் கடமைப்பட்டவர்கள். முதலாளிக்குத் தெரியாமல், அந்தப் பதவியைப் பயன்படுத்தி ஆள் அனுப்புவதற்காக நீங்கள் கொடுக்கும் பணம் ஊழல் தடுப்புச் சட்டத்தின்கீழ் கையூட்டாகப் பார்க்கப்படலாம். உச்சத் தண்டனை 100,000 வெள்ளி அபராதம், ஐந்தாண்டுச் சிறை அல்லது இரண்டும். தனியார் துறைக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். ‘காப்பிக் காசு’ என்று பெயர் வைத்தாலும் அது கையூட்டுத்தான்.

எதிர்த்திசையிலும் ஒரு தடை உண்டு. வாடிக்கையாளரை வட்டிக்கடன் தொழில் செய்பவரிடம் நீங்கள் அனுப்பக்கூடாது, அதற்காக எதையும் பெறவும் கூடாது. உரிமம் பெற்றவராக இருந்தாலும் இதுதான் விதி.

கூகலில் ஐந்து நட்சத்திரம் போட்டால் பற்றுச்சீட்டு என்பதும் வேண்டாம். பரிசு கொடுத்து வாங்கும் மதிப்புரையைக் கூகல் தன் விதிகளிலேயே தடை செய்திருக்கிறது. கண்டுபிடித்தால் உண்மையான மதிப்புரைகளும் சேர்ந்து போகலாம்.

கணக்கு எழுதாமல் விடுவது

யாருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு, எந்தப் பற்றுச்சீட்டு எண் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். ரொக்கம் வேண்டாம், பேநவ் வழி வங்கிப் பணமாற்றம் என்றால் கைபேசித் திரையின் படப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) சேமியுங்கள். வரித் தாக்கலில் இங்கே ஒரு நுணுக்கம்: ஆண்டுத் தரகு வருமானம் 50,000 வெள்ளிக்கு மேல் போகாத முகவர்கள் 25 விழுக்காட்டைச் செலவாகக் கழித்துக்கொள்ளும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அதை எடுத்தால் பரிசுச் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது, அது அந்த 25க்குள் அடக்கம். உண்மைச் செலவைக் காட்டுபவர்கள் சான்றுகளை ஐந்தாண்டு வைத்திருக்கவேண்டும்.

வந்தவரிடம் கேட்க மறப்பது

தெரிந்தவர் சொல்லி வந்தவர் என்பதால் சோதனைகளில் சலுகை கிடையாது. அடையாள அட்டையைச் சரிபார்ப்பது முதல் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுப்பதற்கான வாடிக்கையாளர் விசாரணை வரை எல்லாமே பொருந்தும். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: “அவர் ஒருவரே முகவர் என்ற தனியுரிமை ஒப்பந்தம் வேறு யாரோடாவது இருக்கிறதா?” குடியிருப்புச் சொத்துக்கு அத்தகைய ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு மேல் போகாது என்பதால், பலர் அதன் நடுவில் மனம் கசந்துதான் இன்னொருவரைத் தேடி வருகிறார்கள். இருக்கிறது என்றால், அதை முறிக்கச் சொல்வதும் முறித்தால் சலுகை தருவதாகச் சொல்வதும் நன்னடத்தை விதிமீறல். ஒப்பந்தம் முடிந்த பிறகு அவராக வந்தால் பேசலாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். அனுப்பி வைத்த அக்காவுக்கு அந்த 50 வெள்ளிப் பற்றுச்சீட்டை அன்றே கொடுத்துவிடுங்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியவர், சொல்லிவிட்டார்.