சாரல் நேரத்தில் கிளியர் அடிக்காதீர்கள்

பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் வயலோரம் என் வீடு. 11 வருடம் நாகர்கோவிலில் ஒரு கார் பட்டறையில் பெயின்ட் அடித்தேன். இப்போது 1/24 அளவில் பிளாஸ்டிக் கார் மாடல்கள் செய்கிறேன். கிளியர் கோட், அதாவது பெயின்ட்டின் மேல் பளபளப்புக்கு அடிக்கும் நிறமில்லாத பூச்சு, அதைப் பற்றிக் கேட்கிறவர்கள் எல்லாரும் முதலில் எந்த பிராண்டு என்றுதான் கேட்கிறார்கள். நம் மாவட்டத்தில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, எந்த மாதம், எத்தனை மணி என்பது.

ஓர் ஆடி மாதம், சாயங்காலம் 5 மணி. மலைப்பக்கம் சாரல் விழுந்துகொண்டிருந்தது. தமியா என்ற ஜப்பான் மாடல் கம்பெனியின் வோக்ஸ்வாகன் பீட்டிலுக்குக் கரும்பச்சை அடித்து, நன்றாகக் காயவிட்டு, அதே கம்பெனியின் டிஎஸ்-13 என்ற லாக்கர் வகைக் கிளியர் ஸ்ப்ரேயை எடுத்தேன். அடித்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. பத்து நிமிடத்தில் கூரை முழுக்கக் கஞ்சித்தண்ணி படிந்ததுபோல வெளுத்துவிட்டது. லாக்கர் கிளியரில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும். ஆகும்போது மேற்பரப்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். குளிர்ந்த அந்த ஈரப் படலத்தின் மேல் காற்றிலிருக்கும் நீர் பனிபோல இறங்கி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பட்டறையில் இதை பிளஷ் என்போம்.

அதனால் ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் வாங்கி மேசையில் வையுங்கள். 65க்குக் கீழே காட்டினால் நிம்மதியாக அடிப்பேன். 75 தாண்டினால் கேனைத் தொடமாட்டேன். நமக்கு இரண்டு மழைக்காலம். ஆனியிலிருந்து ஆவணி வரை சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. தை, மாசி, பங்குனிதான் நல்ல காலம், அதிலும் முற்பகல் 11 மணியிலிருந்து 2 மணி வரை. ஆனால் என்னைப்போல வயலோரம் இருப்பவர்கள் மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பு மெஷின் ஓடும் நாளைத் தவிர்க்க வேண்டும். வைக்கோல் தூசி ஜன்னல் இடுக்கில்கூட நுழையும், ஈரக் கிளியரில் விழுந்தால் மயிர்போலத் தெரியும்.

மழைக்காலத்தில் அடித்தே ஆகவேண்டும் என்றால் ஏர்பிரஷ் என்ற சின்ன ஸ்ப்ரே கன்னில், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்த லெவலிங் தின்னர் ஊற்றுங்கள். அது மெதுவாகக் காயும். நீர் வெளியேற நேரம் கிடைக்கும். என் பீட்டிலையும் அதுதான் காப்பாற்றியது. மறுவாரம் வெயில் வந்த ஒரு மதியம் வெறும் லெவலிங் தின்னரை மூடுபனிபோல மிக மெலிதாக அடித்தேன், வெளுப்பு கரைந்து பச்சை திரும்ப வந்தது.

அடிப்பதற்கு முன் கழுவுவது பாதி வேலை. நாம் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிறவர்கள். அந்தக் கையால் மாடலைத் தொட்டால் எண்ணெய் பட்ட இடத்தில் கிளியர் விலகி, வட்டம் வட்டமாக மீன்கண் விழும். ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தில் மென்மையாகக் கழுவுங்கள். டீகால், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர், ஒட்டியிருந்தால் அதன் மேல் மிஞ்சிய பசையையும் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். கடற்கரைப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கும், காய்ந்தால் புள்ளி விழும். கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர் எடுங்கள். பழைய துவர்த்தால் (துண்டால்) துடைக்கவே வேண்டாம், நூல் உதிரும். ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடித் தானாகக் காயவிடுங்கள். ஃபேனை நிறுத்தி, தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும். அதற்குப் பிறகு மீட்டரை ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேனை வெந்நீரில் வைத்து எடுக்கச் சொல்வார்கள். அது குளிர் நாட்டுக்காரர்களுக்கு. பங்குனி மதியம் நம் அறையே 32 டிகிரி இருக்கும். 2 நிமிடம் நன்றாகக் குலுக்கினால் போதும்.

முதலில் பிளாஸ்டிக் கரண்டி. காருக்கு அடித்த அதே பெயின்ட்டைக் கரண்டிக்கும் அடித்து வைத்திருப்பேன், கிளியரும் முதலில் அதற்குத்தான். எனாமல் பெயின்ட்டின் மேல் லாக்கர் கிளியர் போனால் சுருங்கிவிடலாம். அது கரண்டியில் சுருங்கட்டும்.

பிறகு காருக்கு. முதல் இரண்டு கோட் சுமார் 20 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து, மேலே தூவியதுபோல. பளபளப்பு வராது, வரவும் கூடாது. இடையில் 10, 15 நிமிடம் விடுங்கள். டீகால் இருக்கும் காருக்கு இந்தத் தூவல் கோட் உயிர்போல முக்கியம். லாக்கரை ஒரேயடியாக ஈரமாக ஊற்றினால் டீகாலைத் தின்றுவிடும், சுருக்கிவிடும். பளபளப்பில்லாத மேட் பெயின்ட்டின் மேல் டீகால் ஒட்டுவதாக இருந்தால், ஒட்டுவதற்கு முன்பே பளபளப்பான கிளியர் ஒரு கோட் வேண்டும். சொரசொரப்பான பரப்பில் டீகாலுக்கு அடியில் காற்று நின்று வெள்ளியாக மின்னும்.

அதன் பிறகு ஈரக் கோட், 12 முதல் 15 சென்டிமீட்டரில். இங்கே கேனையோ கையையோ பார்க்காதீர்கள். டியூப்லைட்டின் பிம்பம் காரின் மேல் தெரியும்படி நின்று அந்தப் பிம்பத்தைப் பாருங்கள். பிம்பத்தின் ஓரம் கலங்கியிருந்தால் இன்னும் ஈரம் போதவில்லை. ஓரம் கூர்மையாகும் அந்தக் கணத்தில் கை நகர்ந்துவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் வழியும். காருக்கு வெளியே தொடங்கி, காருக்கு வெளியே விடுங்கள். ஈரக் கோட் இரண்டு போதும். தூரம் அதிகமானாலும், இந்தச் சூட்டில் துளி பறக்கும்போதே காய்ந்தாலும் ஆரஞ்சுத் தோல்போல மேடுபள்ளம் வரும்.

ஏர்பிரஷ் என்றால் எனக்கு 0.3 மில்லிமீட்டர் நாசில், காற்றழுத்தம் 15 முதல் 18 பிஎஸ்ஐ. தமியாவின் எக்ஸ்-22 கிளியருக்கு சம பங்கு லாக்கர் தின்னர் ஊற்றுகிறேன். ஒவ்வொரு தடவையும் கம்ப்ரசர் டேங்கிலும் வடிகட்டியிலும் சேர்ந்த தண்ணீரை வடித்துவிடுங்கள். நம் காற்றுக்கு அது அதிகமாகவே சேரும்.

கார் பெயின்ட் கடைகளில் கிடைக்கும் ஹார்ட்னர் கலக்கும் 2கே கிளியரின் பளபளப்பு வேறு எதற்கும் வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வீட்டில் அடிக்காதீர்கள். அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை அது உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு இறுக்கும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. என்னோடு பட்டறையில் இருந்த ஒருவர் ஆஸ்துமாவால் இந்த வேலையையே விட்டார். அடுத்த அறையில் பிள்ளைகள் தூங்கும் வீட்டில் அது வேண்டாம். சாதாரண லாக்கருக்கும் கார்பன் வடிகட்டி உள்ள மாஸ்க்கும், திறந்த ஜன்னலும் வேண்டும்.

அடித்து முடித்ததும் மூடி வைத்துவிடுங்கள். தை மாதமானால் ஒரு வாரம், மழை மாதமானால் பத்து நாள். மூக்கை அருகே கொண்டுபோங்கள். தின்னர் வாசனை இருந்தால் உள்ளே இன்னும் காயவில்லை. கரண்டியில் நகத்தை அழுத்திப் பாருங்கள், காரில் அல்ல.

தூசியோ ஆரஞ்சுத் தோலோ இருந்தால் 2000 நம்பர், பிறகு 3000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கலாம். கதவு ஓரம், கூரை விளிம்பு, பானட் மடிப்பு இங்கெல்லாம் கிளியர் மெலிதாகத்தான் இருக்கும். இரண்டு தேய்ப்பில் அடி பெயின்ட் தெரிந்துவிடும். அந்த இடங்களில் நான் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் தேய்க்கிறேன். கடைசியாக தமியாவின் பாலிஷ் காம்பவுண்ட்: சிவப்பு மூடி, நீல மூடி, வெள்ளை மூடி என்ற வரிசையில், ஒவ்வொன்றுக்கும் தனித் துணி.

கேனை எடுத்து வைக்கும் முன் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு மட்டும் வரும்வரை அழுத்துங்கள். இல்லையென்றால் அடுத்த தை மாதம் நாசில் அடைத்திருக்கும்.