எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகள் மகப்பேறு நிதியுதவி பெறுவது எப்படி?

தமிழ்நாட்டில் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் கிடைக்கிறது. இதில் 14,000 ரூபாய் தவணைகளாக வங்கிக் கணக்கிலும், எஞ்சிய 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வரும். எச்.ஐ.வி. இதற்குத் தடையல்ல, விண்ணப்பித்தால் ஊருக்கே தெரிந்துவிடுமோ என்று அஞ்சி ஒதுங்கிவிடும் பெண்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் படி, பதிவு. கர்ப்பம் தரித்த 12 வாரங்களுக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிந்து பிக்மி எண்ணை, அதாவது கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவங்களுக்கே உதவி உண்டு.

இரண்டாம் படி, வங்கிக் கணக்கு. பணம் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது இங்கேதான். கணக்கு கணவர் பெயரிலோ மாமியார் பெயரிலோ இல்லாமல் உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். ஆதாரும் அதனுடன் இணைந்திருக்க வேண்டும். ஆதாரில் ‘செல்வி மு’ என்றும் பாஸ்புக்கில் ‘செல்வி முருகன்’ என்றும் இருந்தால், தவணை வரும்வரை காத்திராமல் இப்போதே திருத்திவிடுங்கள். நெடுநாள் வரவுசெலவு இல்லாத கணக்கு முடங்கியிருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாம் படி, சிகிச்சை. நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) பரிசோதனையும், ஏ.ஆர்.டி. மையத்தில் (எச்.ஐ.வி. சிகிச்சை மையம்) எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தும் இலவசம். அரசு சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவும் ஓரளவு குறையும். ஏ.ஆர்.டி. அட்டையையும் நிதியுதவிக்கான தாள்களையும் தனித்தனிக் கோப்புகளில் வைத்துக்கொண்டால், வங்கியில் ஒன்றை எடுக்கும்போது மற்றொன்று பிறர் கண்ணில் படாது.

நான்காம் படி, பிரசவம். அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமானாலும் அறுவைச் சிகிச்சையானாலும் கட்டணம் இல்லை. எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுப்பதையும், உங்கள் ஒப்புதலின்றி அதைப் பிறரிடம் சொல்வதையும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடை செய்கிறது. அப்படி நேர்ந்தால் 1097 என்ற இலவச எய்ட்ஸ் உதவி எண்ணை அழைத்து வழி கேளுங்கள்.

பிரசவத்துக்குப் பிந்தைய தவணைகளுக்குக் குழந்தையின் தடுப்பூசிப் பதிவு தேவை. ஆறாவது வாரத் தடுப்பூசியின்போதே குழந்தைக்கான எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் நாள் வருவதால், இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்க முடியுமா என்று நம்பிக்கை மைய ஆலோசகரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.