ஜப்பானிய மொழியில் வயல்: தா எது, ஹதாக்கே எது?

ஜப்பானிய மொழி படிக்கும் தமிழர்கள் பலர் 'வயல்' என்பதற்கு நிகரான சொல்லை ஆங்கில அகராதி வழியாகத் தேடுகிறார்கள். அங்கே எல்லா நிலத்துக்கும் ஒரே சொல்தான். விளைவு, தக்காளிச் செடி நிற்கும் நிலம் 'தா' ஆகிறது, நாற்று நட்ட நிலம் 'ஹதாக்கே' ஆகிறது. நன்செய், புன்செய் என்று நிலத்தைப் பிரித்தே பேசிப் பழகிய நமக்கு இந்தத் தடுமாற்றம் வரவே கூடாது.

வரப்பு கட்டி, மட்டம் பார்த்து, தண்ணீர் தேக்கும் நிலம் தா. தண்ணீர் தேங்காத நிலம் ஹதாக்கே. முட்டைக்கோஸ், தேயிலை, திராட்சை, ஹொக்கைதோவின் லாவெண்டர் எல்லாம் ஹதாக்கேதான். ஜப்பானின் நிலப் பதிவேட்டிலும் இவை இரண்டும் தனித்தனி வகைகள். எழுத்திலும் வேறுபாடு தெரியும். தாவுக்கு நான்கு கட்டம் போட்ட சதுரம். அதன் இடப்பக்கம் நெருப்புக்கான எழுத்தைச் சேர்த்தால் ஹதாக்கே. இந்த இரண்டாவது எழுத்து ஜப்பானியர்கள் தாங்களே உருவாக்கியது. சீனத்தில் அந்தச் சதுர எழுத்து எந்த விளைநிலத்தையும் குறிக்கும் என்பதால், சீனம் தெரிந்தவர்களும் இங்கே வழுக்கி விழுகிறார்கள்.

அதற்காக நன்செய், புன்செய்யை அப்படியே கொண்டுபோய்ப் பொருத்திவிடவும் வேண்டாம். நம்மூரில் கரும்பு நன்செய்யில் விளையும். ஒக்கினாவாவில் கரும்பு நிற்பது ஹதாக்கேயில். பாசனம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அரிசி மிகுந்துபோனதால் 1970-களிலிருந்து பல தாக்களில் சோயாவும் கோதுமையும் பயிரிட வைத்தது அரசு. பயிர் மாறினாலும் அந்த நிலம் தாவாகவே கணக்கில் இருக்கும். மறுபக்கம், நெல்லே இல்லாமல் ஓடும் நீரில் வசாபி என்ற காரச் செடியை வளர்க்கும் இடத்துக்கு 'வசாபிதா' என்று பெயர்.

பேச்சில் 'தா' என்று தனியே சொல்வது குறைவு. 'தம்போ' என்பதே வழக்கம். 'சுய்தென்' என்பது பாடநூலுக்கும் புள்ளிவிவரத்துக்கும் உரியது. 'நோச்சி' சட்டத்தின் சொல். 1952-ஆம் ஆண்டின் நோச்சிச் சட்டப்படி, விளைநிலம் வாங்க உள்ளூர் வேளாண் குழுவின் அனுமதி வேண்டும். நோச்சி என்ற சொல் தாவையும் ஹதாக்கேயையும் சேர்த்தே குறிக்கும். கதையில் வரும் பாட்டி காலையில் மண்வெட்டியோடு 'நோச்சிக்குப் போகிறேன்' என்று சொன்னால், ஏதோ பத்திரப் பதிவுக்குக் கிளம்பியவர் போலிருக்கும்.

மலைச்சரிவுப் படிக்கட்டு நிலங்களிலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். தண்ணீர் நிற்கும் படிகள் 'தனதா'. வஜிமா நகரத்துக் கடலோரம் இறங்கும் செம்மைதா அப்படிப்பட்டது. தண்ணீர் நிற்காத படிகள் 'தந்தம்பதாக்கே'. ஹதாக்கே இங்கே பதாக்கேயாகிவிட்டதைக் கவனியுங்கள். முன்னால் ஒரு சொல் ஒட்டினால் பெரும்பாலும் அப்படித்தான் மாறும். தேயிலை நிலம் 'சாபதாக்கே'. இதை விட்டுவிட்டால் சொல் சரியாக இருந்தும் காதுக்கு உறுத்தும்.

பண்ணையைச் சொல்ல 'நோஜோ', பழத்தோட்டம் போன்றவற்றுக்கு 'நோஎன்', மாடு குதிரை மேய்ந்தால் 'பொக்குஜோ'. யாரும் உழாத புல்வெளி 'நோஹாரா'. அதில் நெல் விளையாது.

அலுவலகப் பேச்சில் ஒருவரை 'விற்பனைப் பதாக்கேக்காரர்' என்கிறார்களா? அவருக்கு நிலபுலன் எதுவும் இருக்க வேண்டியதில்லை. அவர் விற்பனைத் துறையிலேயே வளர்ந்தவர் என்று பொருள். 'ஹதாக்கே வேறு' என்று யாராவது கைவிரித்தால், அது தன் துறை அல்ல என்கிறார். இவற்றை மொழிபெயர்க்கும்போது புன்செய்யைத் தேடிப் போக வேண்டாம்.