மான் கொம்பின் வெல்வெட்டைப் பாடம் பண்ணும்போது செய்யக்கூடாத தவறுகள்

வெல்வெட்டோடு இருக்கும் மான் கொம்பைப் பார்த்தால் எலும்பின் மேல் துணி சுற்றியது போலத்தான் தோன்றும். பெரும்பாலான தவறுகள் இந்த இடத்திலேயே ஆரம்பித்துவிடுகின்றன. உள்ளே இருப்பது எலும்பு, சரி. ஆனால் மேலே போர்த்தியிருப்பது குட்டை ரோமம் முளைத்த தோல், அதைத்தான் வெல்வெட் என்கிறார்கள். ரத்தக் குழாயும் நரம்பும் ஓடி, வளர்கிற கொம்புக்கு ஊட்டம் கொண்டுபோகும் தோல். காய்ந்த பழைய மான் கொம்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடியிலிருந்து நுனி நோக்கி நீளமாக வரி வரியாகப் பள்ளங்கள் ஓடும். அந்த ரத்தக் குழாய்கள் படுத்திருந்த தடங்கள்தாம் அவை. மான் இறந்ததும் அந்த ரத்தம் உள்ளேயே தேங்கி அழுகத் தொடங்குகிறது. அதனால் வெல்வெட்டை முதல் நாளில் பச்சை இறைச்சியைப் போலத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டப்படி கைக்கு வந்த தலைதானா, பாடம் பண்ணி வைத்திருக்க அனுமதி உண்டா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல் தவறு கொம்பைப் பிடித்து இழுப்பது. கையின் சூடும் அழுத்தமும் பட்ட இடத்தில் தோல் எலும்பைவிட்டுக் கழன்றுவிடும். அப்போது ஒன்றும் தெரியாது. காய்ந்த பிறகுதான் அந்த இடம் மட்டும் சுருங்கி வழுக்கையாக நிற்கும். தலையைத் தூக்க வேண்டுமானால் காதுக்குப் பின்னால், கழுத்தைத் தாங்கித் தூக்குங்கள். அடுத்தது, சூடு ஆறாத தலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுவது. உள்ளே வியர்த்து, பாக்டீரியாவுக்கு வெதுவெதுப்பான வீடாகிவிடும். ஐஸ் வைப்பதானால் உருகும் நீர் ரோமத்தில் படாதபடி தனிப் பையில் வையுங்கள். ரோமத்தில் ரத்தம் பட்டிருந்தால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் உடனே ஒற்றி எடுங்கள். வெந்நீர் கறையை நிலைக்கவைத்துவிடும்.

ஃப்ரீசரில் வைத்துவிட்டால் பதப்படுத்தியாயிற்று என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஃப்ரீசர் நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். வெளியே எடுத்து உருகியதும், விட்ட இடத்திலிருந்து அழுகல் தொடரும். ஒருமுறை உறையவைத்து, உருக்கி, மறுபடி உறையவைத்தால் நிலைமை இன்னும் மோசம். நுனிகள் ஃப்ரீசர் சுவரில் இடிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒட்டிக்கொண்ட நுனியைப் பிய்த்து எடுத்தால் ரோமமும் சேர்ந்து வந்துவிடும்.

உண்மையான வேலை ரத்தத்தை வெளியேற்றி, பதப்படுத்தும் மருந்தை (பெரும்பாலும் ஃபார்மலின்) உள்ளே செலுத்துவதில் இருக்கிறது. அவசரப்படுபவர்கள் ரத்தத்தை வடிக்காமலேயே ஊசி போடுகிறார்கள். குழாய்கள் அடைபட்டிருக்கும்போது மருந்து போவதற்கு வழி ஏது? தலையைக் கொம்பு கீழே வரும்படி தொங்கவிட்டு, ஒவ்வொரு கிளையின் நுனியிலும் பார்வைக்குப் படாத பின்பக்கத்தில் சின்னதாகக் கீறிவிடுங்கள். பிறகு கொம்பின் அடியில், மேடு தட்டியதுபோல் தெரியும் குழாயில் ஊசியை ஏற்றி மெதுவாக அழுத்துங்கள். நுனிக் கீறலில் முதலில் கருஞ்சிவப்பாக ரத்தம் வரும், அப்புறம் வெளிறும், கடைசியில் மருந்தே தெளிவாகச் சொட்டும். அது வரைக்கும் விடக்கூடாது. அதன் பிறகும், குழாய் எட்டாத இடங்களுக்காகத் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு குத்து வீதம் எல்லாப் பக்கமும் ஊசி போட வேண்டும்.

நான் முதன்முதலில் ஊசி போட்ட கொம்பில் ஒரு கிளையின் பின்பக்கம் விடுபட்டுப்போனது. சில நாள் கழித்து அங்கே விரல் வைத்தபோது தோல் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது, ரோமம் விரலோடு வந்தது. சுற்றிலும் இருந்த பகுதி கல் மாதிரி இறுகியிருந்தது. அதற்காக மருந்தை வேகமாக அழுத்திவிடவும் கூடாது. தோல் கொப்புளமாக உப்பி எலும்பைவிட்டுப் பிரியும். உப்பினால் உடனே விரலால் மெல்ல ஒற்றி, அதிகமானதைக் குத்திய துளை வழியாகவே வெளியேற்றிவிடுங்கள்.

மருந்தாகப் பலரும் பயன்படுத்துவது ஃபார்மலின். விற்பனைக்கு வரும் ஃபார்மலின் சுமார் 37 சதவீத ஃபார்மால்டிஹைடு கரைசல். 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர் சேர்த்தால் 10 சதவீத ஃபார்மலின். இது புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால் பாக்டீரியாவால் அதைத் தின்ன முடியாது. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது உறுதியானது. கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, நல்ல காற்றோட்டம் மூன்றும் இல்லாமல் புட்டியைத் திறக்கவே வேண்டாம். ஒரு துளையில் அழுத்தும்போது பக்கத்துத் துளை வழியாக மருந்து பீய்ச்சி அடிக்கும், அதுவும் முகத்தை நோக்கி. கண்ணாடியை நான் இவ்வளவு வற்புறுத்துவது அதற்காகத்தான். இன்னொன்று, இந்த மருந்து மானின் முகத்தோலில் வழிய விடாதீர்கள். பட்ட இடம் விறைத்துப்போய், பின்னால் தோலைப் பதனிட்டு தலை வடிவில் செய்த உருவத்தின் மேல் இழுத்துப் பொருத்தும்போது இசைந்து கொடுக்காது.

எல்லாக் கொம்புக்கும் ஒரே முறை என்று நினைப்பதும் தவறு. நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ரப்பர் போல அமுங்கி, உருண்டையாகத் திரண்டிருந்தால் உள்ளே இன்னும் எலும்பாக இறுகவில்லை. ஊசி போட்டுச் சாதாரணமாக உலர்த்தினால் அது வற்றல் போலச் சுருங்கிவிடும். அதற்கு உறைநிலை உலர்த்தல்தான் சரி: வெற்றிடத்தில் பனி நீராகாமல் நேரே ஆவியாகிப் போவதால் வடிவம் குலையாது. வாரக்கணக்கில் ஆகும், அந்த இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுக்க வேண்டியிருக்கும். நுனி வரை கெட்டியான கொம்புக்கு ஊசி முறை போதும்.

உரித்த தோலுக்குப் போடுவது போல வெல்வெட்டிலும் உப்பைத் தேய்ப்பவர்கள் உண்டு. உரித்த தோலில் சதைப்பக்கம் வெளியே இருக்கிறது, உப்பு அதில் இறங்கும். வெல்வெட்டின் சதைப்பக்கமோ எலும்போடு ஒட்டிக் கிடக்கிறது. ரோமத்தின் மேல் தூவிய உப்பு அங்கே எப்படிப் போகும்?

ஊசி போட்ட பிறகு வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைக்காதீர்கள். மேல்தோல் காய்ந்து வெடிக்கும், உள்ளே ஈரம் நிற்கும். நிழலில் மின்விசிறிக் காற்று போதும், வாரங்கள் ஆனாலும் பரவாயில்லை. ஈ உட்காராமல் மூடி வையுங்கள், தினமும் முகர்ந்து பாருங்கள். அழுகல் வாடை வரும் இடத்தில் உடனே மறுபடி ஊசி. ரோமத்தை அது வளர்ந்த திசையிலேயே மென்மையான பிரஷ்ஷால் நீவி விடுங்கள்.

மண்டையோட்டை மட்டும் காட்சிக்கு வைப்பதானால் வேகவைக்கும்போது ஆவி வெல்வெட்டில் படக்கூடாது. சதையைத் தின்னும் வண்டுகளிடம் விட்டுச் சுத்தம் செய்யும் முறையும் இதற்கு ஆகாது. வண்டுக்குச் சதையும் வெல்வெட்டும் ஒன்றுதான். சுவரில் மாட்டிய பிறகும் அதே குடும்பத்து வண்டுகளும் துணி அந்துப்பூச்சியும் தேடி வரும். மாதம் ஒருமுறை டார்ச் அடித்துக் கிளைகள் பிரியும் இடுக்குகளைப் பாருங்கள். சன்னமான தூளோ, உரிந்த புழுச்சட்டையோ கண்ணில் பட்டால் அன்றைக்கே கழற்றிப் பையில் சுற்றி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். இந்தமுறை உலர்ந்த கொம்பு என்பதால் உறைவது அதற்குக் கெடுதல் செய்யாது.