ஐந்து சுற்றும் 95 சதவீதமா? திண்ம வினையூக்கியில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

வினையை வேகப்படுத்தும் திண்ம வினையூக்கியை வடிகட்டி, கழுவி, உலர்த்தி மறுபடி போட மாணவர்கள் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்கிறார்கள். அது இன்னும் வேலை செய்கிறதா என்று பார்ப்பதில்தான் ஒவ்வொரு ஆண்டும் அதே பிழை.

வினை முடிந்தபின் அளப்பது

பல்லேடியத்தின் உதவியால் இரண்டு கார்பன் வளையங்களை இணைக்கும் சுசூகி வினையையே பாருங்கள். 4-புரோமோஅசிட்டோபீனோன் 1 மில்லிமோல், பீனைல்போரானிக் அமிலம் 1.2, பொட்டாசியம் கார்பனேட் 2, எத்தனாலும் தண்ணீரும் சம அளவில் 5 மி.லி., வினையூக்கியாக 5% பல்லேடியம்-கார்பன் (கார்பன் தூள்மேல் படிந்த பல்லேடியம்) 11 மி.கி., 80 டிகிரி. புது வினையூக்கியில் 20 நிமிடத்தில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வினையூக்கியை மறுபடி மறுபடி போட்டு, ஒவ்வொரு சுற்றையும் 2 மணி நேரம் ஓட்டுகிறார்கள். ஐந்து சுற்றிலும் விளைச்சல் 95%. வரைபடத்தில் ஐந்து பட்டைகளும் ஒரே உயரம். வினையூக்கியின் வேகம் ஆறில் ஒரு பங்காக விழுந்திருந்தாலும் அந்தப் படம் இப்படியேதான் இருக்கும்! ஒரு மாத உழைப்பு எதையும் நிரூபிக்காமல் போகிறது என்பதுதான் எரிச்சல்.

10 மில்லிமோல் அளவில் செய்யுங்கள். 5, 10, 15 நிமிடங்களில் 0.1 மி.லி. எடுத்து, உடனே வடிகட்டி, ஜிசியில் (வாயு நிறப்பகுப்புக் கருவியில்) அளவிடுங்கள். முதல் சுற்றில் 30–40% மாற்றம் வந்த அதே நிமிடத்தில் மற்றச் சுற்றுகளையும் ஒப்பிடுங்கள். அங்கே சரிவு ஒளியாது.

ஆறவிட்டு வடிகட்டுவது

கரைந்த பல்லேடியம் ஆறும்போது கார்பன்மேல் திரும்பப் படிந்துவிடும். வடிநீர் சுத்தமாகத் தெரியும். திண்மத்திலிருந்து உலோகம் கரைந்து வெளியேறுகிறதா என்று பார்க்கும் கசிவுச் சோதனைக்கு, வினை பாதியில் இருக்கும்போதே 80 டிகிரியில், சூடாக்கிய வடிகட்டியில் ஊற்றுங்கள். வடிநீரைத் தொடர்ந்து சூடாக்கும்போது வினை மேலும் நகர்ந்தால், வேலை செய்வது கரைந்த உலோகம். நகராவிட்டாலும் ஐசிபியில் (மிகச் சிறிய அளவு உலோகத்தையும் அளக்கும் கருவியில்) பல்லேடியத்தை அளந்தே ஆகவேண்டும்.

எடை குறையவில்லை என்று மகிழ்வது

மீட்ட வினையூக்கியில் ஒட்டியிருப்பது வினையில் உண்டான பொட்டாசியம் புரோமைடு. எத்தனாலில் அது சரியாகக் கரையாது, தண்ணீரால் கழுவுங்கள்.

ரெசின் மணிகளுக்குக் காந்தத் துண்டு

கலக்குவதற்காகச் சுழலும் அந்தத் துண்டு, வினையூக்கியான மணிகளை அரைத்துவிடும்.

பல்லேடியம்-கார்பனை வடிகட்டியில் காயவிடுவது

தீப்பிடிக்கும், அதுவும் ஹைட்ரஜனேற்றத்துக்குப் பிறகு. எப்போதும் ஈரமாக வையுங்கள்.

கழுவும் கரைப்பானைக் கணக்கில் சேர்க்காதது

ரோஜர் ஷெல்டன் 1992இல் முன்வைத்த ஈ-காரணி, கழிவின் எடையை விளைபொருளின் எடையால் வகுப்பது. மேலே சொன்ன 1 மில்லிமோல் வினையில் கிடைப்பது சுமார் 0.19 கிராம். அந்த 11 மி.கி. வினையூக்கியை மீட்க 100 மி.லி. எத்தில் அசிட்டேட்டை ஊற்றிக் கொட்டினால் 90 கிராம் கழிவு. ஈ-காரணி 470ஐத் தாண்டும். சூடாக வடிகட்டி, 2 மி.லி. சூடான எத்தனாலால் இருமுறை அலசி, வடிநீரில் தண்ணீர் சேருங்கள். விளைபொருளான 4-அசிட்டைல்பைபீனைல் திண்மமாகவே படிந்துவிடும். எத்தில் அசிட்டேட் தேவையே இல்லை.