கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சப் போகிறீர்களா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்பாவுக்கு ஏறிய மாதிரியே உங்களுக்கும் நெற்றி ஏறிக்கொண்டு போகிறதென்றால் இந்த எண்ணெய் அதை நிறுத்தாது. வறண்டு, நுனி பிளந்து, சீப்பில் பாதியிலேயே ஒடிந்து வருகிற முடிக்குத்தான் இது. அதிலும் பெரும்பாலான வேலையைச் செய்வது தேங்காய் எண்ணெய். அது முடிக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது. கரிசலாங்கண்ணி முடி வளர்க்கும் என்று எலிகளில் நடந்த சோதனைகள் காட்டுகின்றன, சரி, நம் தலை எலித்தலை இல்லையே.

மதுரை கீழமாசி வீதியில் பொடியாக வாங்கலாம், ஆனால் பச்சை இலை மேல். சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் வாய்க்கால் ஓரம், வரப்பு என்று ஈரம் உள்ள இடமெல்லாம் முளைத்துக் கிடக்கும். வெள்ளைப் பூ பூப்பதாகப் பாருங்கள், கசக்கினால் சாறு கொஞ்ச நேரத்தில் கறுத்துப்போகும். மருந்தடித்த வயலில் பறிக்க வேண்டாம்.

இலையை அலசி, தண்ணீர் சேர்க்காமல் அரைத்துப் பிழிந்து கால் லிட்டர் சாறு எடுங்கள். அரை லிட்டர் செக்குத் தேங்காய் எண்ணெயோடு அகலமான இரும்புச் சட்டியில் ஊற்றிச் சிறு தீயில் வையுங்கள், பொங்கும் என்பதால் சட்டி பெரியதாக இருக்கட்டும். நிழலில் காய்ந்த கறிவேப்பிலை, ஒரு ஸ்பூன் வெந்தயம் போடலாம், போடாவிட்டாலும் குடி முழுகாது. சடசடப்பு அடங்கியதும் அடியில் உள்ள வண்டலைக் கொஞ்சம் எடுத்து ஆறவிட்டு, திரியாக உருட்டிக் கொளுத்துங்கள். படபடவென்று வெடித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, இறக்காதீர்கள். ஈரத்தோடு இறக்கிய எண்ணெய் சில நாளிலேயே ஊசிப்போகும், வீட்டு எண்ணெய் கெடுவது பெரும்பாலும் இதனால்தான். ஆறியதும் துணியில் வடிகட்டி, துளி ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றுங்கள்.

தலையில் வைக்கும் முன் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள். இலைதானே என்று அசட்டையாக இருக்காதீர்கள், இலையும் அரிக்கும். பொடுகு இருந்தால் ராத்திரி முழுக்க ஊறவிடக் கூடாது, பொடுகுக் கிருமிக்கு எண்ணெய்தான் சாப்பாடு.

ரோஸ்மேரி தைலம் பற்றியும் கேட்பீர்கள். 2015-ல் ஈரானில் 100 பேரிடம் அதை, முடி உதிர்வுக்குத் தலையில் தடவும் மருந்தான 2 சதவீத மினாக்சிடிலோடு ஒப்பிட்டார்கள், ஆறு மாதத்தில் இரண்டிலும் முடி ஏறக்குறைய ஒரே அளவு கூடியது. ஆனால் ஒன்றுமே தடவாத குழு அதில் இல்லை, அதனால் ரொம்பத் துள்ள வேண்டாம். பயன்படுத்தினால் தேங்காய் எண்ணெயில் சில சொட்டுதான், நேராகத் தடவினால் எரியும்.

அப்புறம் புழுவெட்டு, அதாவது வட்டம் வட்டமாக முடி கொட்டுவது. அதில் புழு ஒன்றும் கிடையாது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்குகிறது. நம் பக்கம் சின்ன வெங்காயம் தேய்ப்பார்கள். 2002-ல் வெளியான ஒரு சின்ன ஆய்வில் வெங்காயச் சாறு தடவியவர்களுக்கு முடி வளர்ந்தது உண்மைதான், ஆனால் தானாகவே வளர்ந்துவிடுவதும் உண்டு. வட்டம் பெரிதானாலோ புதிதாக இன்னொன்று விழுந்தாலோ வெங்காயத்தைச் சாம்பாருக்கு விட்டுவிட்டுத் தோல் டாக்டரைப் பாருங்கள்.