லோக்கல் ரயிலில் ஆட ஒரு செஸ் ஆப்: தேர்ந்தெடுப்பது எப்படி?

போன வாரம் மும்பை செம்பூர் ஸ்டேஷனில் சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி டெர்மினஸ்) வண்டிக்காகக் காத்திருந்தேன். எங்கள் சேடா நகர் கட்டிடத்துத் தம்பி ஒருவர் போனை நீட்டினார். திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. குகேஷ் உலகச் சாம்பியன் ஆனதிலிருந்தே செஸ் கற்க வேண்டும் என்ற ஆசையாம். ப்ளே ஸ்டோரில் தேடியதில் திரை முழுக்கக் குதிரைத் தலைகளாக வந்து நின்றன.

"அண்ணே, இதுல எதுண்ணே ரொம்ப ஸ்ட்ராங்கு?"

புதிதாக ஆட வரும் எல்லோரும் கேட்கும் கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விக்கு இப்போது வேலையே இல்லை. 1997-இல் அப்போதைய உலகச் சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்த டீப் ப்ளூ, நொடிக்கு 20 கோடி நிலைகளை அலசிய பெரிய இயந்திரம். 12 வருஷம் கழித்து, 2009-இல் பியூனஸ் ஐரிஸில் நடந்த போட்டியில் பாக்கெட் ஃபிரிட்ஸ் 4 என்ற நிரல், ஒரு ஹெச்டிசி கைப்பேசியில் ஓடியபடியே 10 ஆட்டங்களில் 9.5 புள்ளி எடுத்து முதலிடம் பிடித்தது. இன்று ஸ்டாக்ஃபிஷ் என்ற இலவச எஞ்சின் (செஸ் ஆடும் நிரலை அப்படித்தான் சொல்வார்கள்) சாதாரணப் போனில் ஓடினாலும் எந்த மனிதராலும் அதை ஜெயிக்க முடியாது. பலம் எல்லாவற்றிலும் தேவைக்கு மேல் இருக்கிறது. நமக்கு வேண்டியது, நம் அளவுக்கு இறங்கி வந்து ஆடத் தெரிந்த ஆப். அதைக் கண்டுபிடிக்கும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: எங்கே ஆடப் போகிறீர்கள்?

வீட்டில் வைஃபையில் ஆடுபவருக்கு எதுவும் சரிப்படும். நம் கதை வேறு. செம்பூரிலிருந்து சிஎஸ்எம்டிக்கு அரைமணி நேரம், அதில் பாதி நின்றுகொண்டு. ஒருமுறை நான் ஆன்லைனில் 10 நிமிட ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தேன். ஒரு யானை கூடுதலாக இருந்தது. சிவ்ரி தாண்டியதும் நெட் போயிற்று. திரும்பி வந்தபோது என் கடிகாரம் தீர்ந்து, ஆட்டம் தோல்வி என்று பதிவாகியிருந்தது. எதிரில் முகம் தெரியாத ஒருவரையும் அவ்வளவு நேரம் காக்க வைத்திருக்கிறேன். அன்றோடு ஆன்லைன் ஆட்டத்தை வீட்டுக்கென்று ஒதுக்கிவிட்டேன். ரயிலுக்கு, நெட் இல்லாமல் போனுக்குள்ளேயே ஓடும் எஞ்சின்தான்.

படி 2: ஃப்ளைட் மோடில் திறந்து பாருங்கள்

இன்ஸ்டால் செய்ததும் ஃப்ளைட் மோடை ஆன் செய்துவிட்டு ஆப்பைத் திறங்கள். கம்ப்யூட்டரோடு புது ஆட்டம் தொடங்குகிறதா? பாதியில் மூடிவிட்டுத் திறந்தால், விட்ட இடத்திலேயே நிற்கிறதா? இரண்டாவது முக்கியம். குர்லாவில் கூட்டம் ஏறும்போது போனைப் பைக்குள் போட்டே ஆக வேண்டும்.

படி 3: ஒரு கையால் ஆடுங்கள்

ஒரு கை மேலே பிடியில் இருக்கும். மிச்சம் ஒரு கட்டைவிரல். காயை இழுத்துக்கொண்டு போகும் முறை ஆடும் வண்டியில் சரிவராது, பக்கத்துக் கட்டத்தில் விழுந்துவிடும். காயைத் தொட்டு, பிறகு கட்டத்தைத் தொட்டு நகர்த்தும் வசதி இருக்கிறதா பாருங்கள். நகர்த்தலை உறுதி செய்யக் கேட்கும் அமைப்பு இருந்தால் ஆன் செய்யுங்கள். முப்பரிமாணப் பலகை படத்தில் அழகாகத் தெரியும். சிறிய திரையில் பிஷப்புக்கும் சிப்பாய்க்கும் வித்தியாசம் தெரியாது. தட்டைப் பலகையே போதும்.

படி 4: எப்படித் தோற்கிறது என்று கவனியுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஸ்டாக்ஃபிஷில் திறன் அளவு 0 முதல் 20 வரை உண்டு. லிச்செஸ் என்ற இலவச செஸ் தளத்தில் அதையே 8 லெவலாகத் தருகிறார்கள். லெவலைக் குறைத்தால் எஞ்சின் குறைவாக யோசிக்கும், இடையிடையே வேண்டுமென்றே மட்டமான நகர்த்தலை எடுக்கும். அதனால் பத்து நகர்த்தல் மாஸ்டர் மாதிரி ஆடிவிட்டு, திடீரென்று ராணியைச் சும்மா கொடுத்துவிடும். அதை எடுத்து ஜெயிப்பதில் நீங்கள் கற்பது ஒன்றுமில்லை. மனிதர் அப்படித் தப்பு செய்ய மாட்டார். மூலையிலிருந்து குறுக்கே வரும் பிஷப்பைக் கவனிக்காமல் குதிரையை விடுவார்.

மனிதர் மாதிரித் தப்பு செய்யவே மையா என்ற எஞ்சினை உருவாக்கினார்கள். டொரண்டோ, கார்னெல் பல்கலைக்கழகங்களும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 2020-இல் வெளியிட்டது. லிச்செஸில் மக்கள் ஆடிய ஆட்டங்களை ஊட்டி, "இந்த இடத்தில் ஒரு மனிதர் எதை நகர்த்துவார்?" என்று ஊகிக்கப் பழக்கியிருக்கிறார்கள். 1100 புள்ளி (ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்) உள்ள ஆட்டக்காரர்களிடம் பயின்ற மையா1-உடன் லிச்செஸிலேயே ஆடலாம், நெட் வேண்டும். பலர் செய்யும் பொதுவான நகர்த்தலையே அது எடுப்பதால், ஒரு தனி ஆளின் பெருந்தவறுகள் குறைந்துவிடும். அதாவது 1100-ஐ விடக் கொஞ்சம் பலமாகவே ஆடும். முதல் மாதம் தோற்றால் மனம் விடாதீர்கள்.

எந்த ஆப்பானாலும் ஒரே லெவலில் பத்து ஆட்டம் ஆடுங்கள். மூன்று நான்கு ஜெயித்தால் அதுதான் உங்கள் லெவல். எட்டு ஜெயித்தால் ஏறுங்கள். ஒன்றுமே கிடைக்காவிட்டால் இறங்குங்கள்.

திரையில் தெரியும் புள்ளி எண்ணையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லிச்செஸில் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் 1500-தான் தொடக்கம். சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே தரும் புள்ளியோ வேறு கணக்கு. 2024 மார்ச் முதல் அதில் 1400-க்குக் கீழே எண்ணே கிடையாது.

படி 5: விதிகளைச் சோதியுங்கள்

நம் ஊரில் சிப்பாய் முதல் அடியிலும் ஒரு கட்டம்தான் என்று ஆடியவர்கள் நிறைய. இங்கே வண்டியில் பக்கத்தில் நிற்பவர் பிஷப்பை ஊண்ட் என்பார், ராணியை வஸீர் என்பார். வீட்டுக்கு வீடு முறை மாறும். ஆப் சர்வதேச விதிப்படிதான் ஆட வேண்டும். கடைசி வரிசைக்குப் போகும் சிப்பாயைக் குதிரையாகவும் மாற்ற விடுகிறதா என்று பாருங்கள்.

பிறகு பலகையை நாமே அடுக்கும் வசதியில் இதை வையுங்கள் (எழுத்து நெடுக்கு வரிசை, எண் கிடை வரிசை): வெள்ளை ராஜா எஃப்6, வெள்ளை ராணி ஜி5, கறுப்பு ராஜா எச்8. வெள்ளை நகர்த்த வேண்டும். தம்பியிடம் கொடுத்தேன். யோசிக்காமல் ராணியை ஜி6-இல் வைத்தார். ஆட்டம் டிரா என்று திரை சொன்னது. "ஏண்ணே, அவனுக்குத்தான் போக இடமே இல்லையே?" அதுதான் காரணம். போக இடம் இல்லை, ஆனால் செக்கும் இல்லை. அதன் பெயர் ஸ்டேல்மேட். ராணியை ஜி7-இல், தன் ராஜாவின் துணையோடு வைத்திருந்தால் செக்மேட். மறுபடி அடுக்கி, இரண்டையும் மூன்று முறை நகர்த்திப் பார்த்தார். இந்த அடுக்கும் வசதி இல்லாத ஆப்பை நான் யாருக்கும் சொல்வதில்லை.

படி 6: எதைப் போடலாம்?

ஆண்ட்ராய்டுக்கு ட்ராய்ட்ஃபிஷ். இலவசம், ஸ்டாக்ஃபிஷ் உள்ளேயே இருக்கிறது, நெட் தேவையில்லை, அடுக்கும் வசதியும் உண்டு. முகப்பு கொஞ்சம் பழைய பாணி, இரண்டு நாளில் பழகிவிடும். காசு கொடுக்கத் தயார் என்றால் ஷ்ரெடர், ஐபோனிலும் கிடைக்கும். உங்கள் ஆட்டத்தைப் பார்த்துத் தன் பலத்தை அதுவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். வீட்டில் நெட்டோடு ஆட லிச்செஸ். விளம்பரம் கிடையாது, புதிர்களுக்கும் கட்டுப்பாடு கிடையாது. செஸ்.காம் ஆப்பில் ஆட்கள் அதிகம், பாட வசதியும் நன்றாக இருக்கும். ஆனால் இலவசக் கணக்கில் புதிரும் ஆட்ட அலசலும் நாளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு. ட்ராய்ட்ஃபிஷும் லிச்செஸும் போதும் என்றுதான் தம்பிக்குச் சொன்னேன்.

படி 7: அலசலை எப்போது திறப்பது?

ஆட்டம் முடிந்த பிறகு மட்டும். வேறொருவருடன் ஆன்லைனில் ஆடும்போது எஞ்சினைத் திறப்பது ஏமாற்று வேலை, கணக்கையே மூடிவிடுவார்கள். முடிந்த ஆட்டத்தில் எஞ்சின் உங்கள் நிலைக்குத் தரும் மதிப்பெண் முதன்முதலில் சட்டென்று சரியும் இடத்துக்குப் போங்கள். அங்கே எஞ்சின் சொல்வதைப் பார்க்கும் முன், வேறு என்ன நகர்த்தியிருக்கலாம் என்று நீங்களே ஒன்று சொல்லுங்கள். பிறகு பாருங்கள். பார்த்ததும் அலசலை அணைத்துவிடுங்கள். அது ஓடும் வரை பிராசசர் முழு வேகத்தில் உழைக்கும், போன் சூடாகும், வீடு திரும்பும் வண்டிக்கு சார்ஜ் மிஞ்சாது.